33 அடி படகு, ஓட்டுவது இரண்டே பேர்: கடலில் விழுந்தவரை மீட்கும் சாமான்களை எங்கே மாட்டுவது?

#1 ஹாம்பிள்_படகு · சனி, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். போன அக்டோபரில் 33 அடி பாய்மரப் படகு ஒன்று வாங்கி இங்கிலாந்தின் தென்கரையில் ஹாம்பிள் ஆற்றில் கட்டியிருக்கிறோம். ஓட்டுவது நானும் என் மனைவியும் மட்டும்தான். இதுவரை கரைக்கும் ஒயிட் தீவுக்கும் நடுவில் உள்ள சோலன்ட் நீரிணைக்குள்ளேயே சுற்றினோம். வரும் ஜூனில் அந்தத் தீவின் மேற்கு முனைப் பாறைகளான நீடில்ஸ் தாண்டி பிரான்சின் ஷெர்பூர் போய்வரத் திட்டம், நீடில்ஸிலிருந்து சுமார் 60 கடல் மைல், கொஞ்ச தூரம் இருட்டில் ஓட்ட வேண்டியிருக்கும்.

பழைய உரிமையாளர் விட்டுப்போனது ஒரு லாட மிதவை (விழுந்தவருக்கு எறியும் குதிரை லாட வடிவ மிதவை), வெயிலில் வெளுத்து மஞ்சள் போய் வெள்ளையாகியிருக்கிறது. அதோடு ஒரு விளக்கு, உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடக்கிறது. பின் கம்பிவேலியில், விழுந்த இடத்தைக் காட்ட மிதந்து நிற்கும் டான்பாய் கொடிக்கம்பு ஒன்றும் உண்டு. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன், கையில் 600 பவுண்டு வரை இருக்கிறது.

கேள்விகள் இவைதான். நுரை வைத்த லாட மிதவையும் கம்பும் வாங்குவதா, அல்லது தண்ணீரில் போட்டதும் தானே ஊதி நிமிரும் வகை வாங்குவதா? நீளக் கயிற்றோடு வரும் மீட்புக் கச்சையும் சேர்த்து வேண்டுமா? மாட்டுவது இடப்பக்கமா வலப்பக்கமா? எங்கள் படகில் சுக்கான் சக்கரம், அதன் பின்னால் உட்காரும் பலகை, அதற்கும் பின்னால்தான் கம்பிவேலி. நடுவில் ஏணிக்கு வழி விட்டிருப்பதால் மாட்டுவதற்கு இடம் குறைவு.

#2 சாங்கி_அலை · ஞாயிறு, காலை 6:15

நான் சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன், லங்காவி வரை அடிக்கடி ஓட்டுபவன். ஊதும் வகையில் எனக்கு ஒரு கெட்ட அனுபவம் உண்டு. உறையைப் பிரித்துத் தண்ணீரில் போட்டோம், மூழ்கவில்லை, ஆனால் நிமிரவும் இல்லை, ஈரத் துணிமூட்டை மாதிரி மிதந்துகொண்டே போனது. எடுத்துப் பார்த்தால் வாயு உருளை திருகிலிருந்து தளர்ந்து வாயு எல்லாம் எப்போதோ போய்விட்டிருக்கிறது. சர்வீஸ் செய்ய வேண்டிய தேதி கடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, அது என் தவறுதான். நல்லவேளை, அன்றைக்கு யாரும் விழவில்லை, சும்மா பழகிப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு நுரை மிதவைதான். அதற்கும் இங்கே வெயில் எதிரி. உறைத் துணி இரண்டு வருடம் தாங்குவதில்லை, விரலால் அழுத்தினாலே கிழிகிறது. ஆனால் உறை கிழிந்தாலும் உள்ளே இருக்கும் நுரை மிதக்கும். மிதவையோடு துணிப்பை போன்ற ஒரு ட்ரோக் கட்டாயம் இருக்க வேண்டும். அது தண்ணீருக்குள் குடை மாதிரி விரிந்து மிதவையைப் பிடித்து நிறுத்தும். இல்லையென்றால் காற்று மிதவையை அடித்துக்கொண்டு போய்விடும், விழுந்தவர் நீந்தி எட்டவே முடியாது. லாட மிதவைக்கு எடையே கிடையாது, 20 நாட் (மணிக்கு 37 கிலோமீட்டர்) காற்றில் அது தண்ணீர் மேல் ஓடுவதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

#3 காற்றுமுகம் · ஞாயிறு, காலை 9:30

சாங்கி நண்பர் சொல்வது சரி, ஆனால் சர்வீஸ் செய்யாத பொருளை வைத்து அந்த வகையையே ஒதுக்க வேண்டாம். ஊதும் வகை ஒரு சின்னப் பெட்டியில் அடங்கிவிடும், எடுத்துப் போட்டால் போதும், கம்பு மிதவை விளக்கு ட்ரோக் எல்லாம் ஒன்றாகப் போய் விழும். தனித்தனியாக மாட்டிய கம்பும் மிதவையும் விளக்கும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, ஒன்றைத் தூக்கினால் மூன்றும் கம்பிவேலியில் தொங்குவதை எத்தனையோ படகில் பார்த்திருக்கிறேன்.

பந்தய விதிப்படி பார்த்தால், வேர்ல்ட் செய்லிங் (பாய்மரப் பந்தயங்களின் உலக அமைப்பு) விதிகளில் இரண்டு மிதவை எடுத்துப் போகும் வகுப்புகளில் ஒன்றாவது முழுக்க நுரையாக இருந்தே ஆக வேண்டும். இன்னொன்று ஊதும் வகையாக இருக்கலாம். நீங்கள் பந்தயத்துக்குப் போகவில்லை, ஆனாலும் அந்தக் கணக்கு நல்ல கணக்கு: ஒன்று நுரை, ஒன்று ஊதல்.

#4 பழைய_சுக்கான் · ஞாயிறு, மதியம் 1:05

தம்பி, எந்தச் சாமான் என்று பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் விழுந்தால் படகில் மிச்சம் இருப்பது யார்? உங்கள் மனைவி. அவர் விழுந்தால் நீங்கள். இரண்டே பேர் ஓட்டும் படகில் ஒருவர் விழுந்த அந்த நொடியே மற்றவர் தனியாள். சுக்கான், பாய், ரேடியோ, விழுந்தவர் மேல் கண், எல்லாம் அந்த ஒருவர் தலையில். ஆகவே சாமானைத் தண்ணீரில் இருப்பவருக்காகத் தேர்வு செய்யாதீர்கள், படகில் மிஞ்சுபவரின் கைக்காகத் தேர்வு செய்யுங்கள். நான் இருபது வருடமாகப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், கணவன் மனைவி இருவராக வருபவர்களிடம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்.

கணக்கைப் பாருங்கள். 6 நாட் வேகத்தில் படகு நொடிக்கு 3 மீட்டர் போகிறது. கத்தி, திரும்பிப் பார்த்து, மிதவையைக் கழற்றி எறிய 10 நொடி ஆனால் விழுந்தவர் 30 மீட்டர் பின்னால். ஒரு நிமிடம் திணறினால் 185 மீட்டர். வெள்ளை நுரை அடிக்கிற கடலில் 100 மீட்டர் தள்ளி ஒரு தலையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு, தேங்காய் அளவுதான் தெரியும். அதனால்தான் கம்பும் கொடியும். அதே பந்தய விதி கொடி தண்ணீருக்கு மேல் 1.8 மீட்டராவது நிற்க வேண்டும் என்கிறது, அலைப் பள்ளத்தில் மிதவை மறைந்தாலும் கொடி தெரியும்.

இன்னொன்று குளிர். சாங்கிக்காரர் கடலில் தண்ணீர் 28, 29 டிகிரி. இங்கே ஏப்ரலில் 10 டிகிரியை ஒட்டி, ஆகஸ்ட்டில்கூட 17, 18தான். விழுந்ததும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு தன் வசத்தில் இருக்காது, ஏங்கி ஏங்கி இழுக்கும், அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அது அடங்கிய பிறகு பத்து நிமிடம் போல விரல்கள் வேலை செய்யும். அதற்கப்புறம் கயிற்றைப் பிடி, கச்சையை மாட்டு என்று மேலே இருந்து என்ன கத்தினாலும் அவரால் செய்ய முடியாது. உங்களுக்கு இருக்கும் நேரம் அவ்வளவுதான்.

இப்போது நேராகக் கேட்கிறேன். உங்கள் மனைவி அந்த மிதவையை ஒருமுறையாவது தானே கழற்றி எறிந்து பார்த்திருக்கிறாரா?

#5 ஹாம்பிள்_படகு · ஞாயிறு, மாலை 4:20

இல்லை அண்ணா. நானும் எறிந்ததில்லை. இந்தப் பதிவை அவளிடம் காட்டினேன், அடுத்த சனிக்கிழமை முழுவதும் இதற்கே என்று சொல்லிவிட்டாள். இங்கே அவளே கணக்குத் தொடங்கி எழுதுவாள்.

#6 முன்பாய் · சனி, இரவு 9:10

வணக்கம், மேலே கேட்டவரின் மனைவி நான்தான். இன்றைக்குப் படகை அசைக்கவே இல்லை, கட்டிய இடத்திலேயே பார்த்தோம். அவர் பாண்டூனில் (மிதக்கும் படகுத்துறை) இறங்கி நின்று கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் சுக்கான் பிடித்தபடி நின்று, அவர் "விழுந்துவிட்டேன்" என்று சொன்னதும் தொடங்கினேன்.

லாட மிதவை கம்பிச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, மேலே ஒரு பட்டை குறுக்கே போய் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறது. வெல்க்ரோவில் உப்பும் பாசியும் ஏறி அது வெல்க்ரோவாகவே இல்லை, ஒரே கட்டி. இரண்டு கையாலும் இழுத்துப் பிய்த்தேன், அதற்காகச் சுக்கானை விட்டுவிட்டு உட்காரும் பலகையில் ஏற வேண்டியிருந்தது. மிதவை வந்தது, கூடவே ட்ரோக் வரவில்லை, அது கம்பிக்குள் மடங்கிக் கிடந்தது. அதை உருவினால் விளக்கின் கயிறு கம்பிவேலிக்கு உள்பக்கமாகச் சுற்றி மேலே வருகிறது! அதாவது நான் எறிந்தாலும் மிதவை படகோடு கட்டிப்போட்ட மாதிரிதான், பின்னாலேயே இழுபட்டு வரும். அப்புறம் டான்பாய். கம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் அடியில் மூன்று இடத்தில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போட்டு இறுக்கியிருக்கிறது, ஆடி ஓசை வராமல் இருக்கப் பழையவர் செய்திருக்க வேண்டும். கத்தி இல்லாமல் அது வராது.

எல்லாம் சேர்ந்து 2 நிமிடம் 50 நொடி. கட்டிய படகில், காற்றில்லாத மதியத்தில். சுக்கான் அண்ணா கணக்குப்படி அவர் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போயிருப்பார். எழுதும்போதே கை நடுங்குகிறது, ஆனால் இதைத் தெரிந்துகொண்டது நல்லது.

எனக்கு உயரம் 5 அடி 1 அங்குலம். எங்கே மாட்டினால் சுக்கானை விடாமல் என் கை எட்டும் என்பதை வைத்து இடம் சொல்லுங்கள் அண்ணா. அவர் கை எட்டும் இடத்தில் எனக்கு எட்டவில்லை.

#7 பழைய_சுக்கான் · ஞாயிறு, காலை 8:00

தங்கச்சி, முக்கால்வாசி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். இனி மாட்டுவது பற்றி மட்டும்.

இடமா வலமா என்று யோசிக்கவே வேண்டாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் நீங்கள் எறியும்போது அவர் பின்னால்தான் இருப்பார். ஒரு கை சக்கரத்தில் இருக்க மற்றக் கையை நீட்டுங்கள், விரல் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சட்டம் அங்கேதான். பெரும்பாலும் கம்பிவேலியின் மூலை வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வரும். மேல்கம்பியில் மாட்டினால் உங்கள் உயரத்துக்குத் தூக்கி எடுக்க வேண்டிவரும், நடுக்கம்பி அளவுக்கு இறக்குங்கள். மிதவையைத் தூக்காமல் வெளிப்பக்கமாக உருட்டித் தள்ளினாலே விழ வேண்டும். நம் படகுகளில் அந்தக் கம்பி பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் விட்டம், வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். பிடிக்கட்டை இறுகவில்லை என்றால் பின்னால் இருந்து வரும் ஒரே அலை மிதவையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு சுற்று சுற்றிப் பிடிக்கட்டை போட்டால் வழுக்காது.

பட்டைக்கு வெல்க்ரோ வேண்டாம். ஒரு பக்கம் மீள்கயிறு, மறுபக்கம் கொக்கி, கொக்கியில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு குமிழ். கையுறையோடு இருட்டில் தடவினாலும் குமிழ் கிடைக்கும்.

கயிறு போகும் வழி ரொம்ப முக்கியம், நீங்களே கண்டுபிடித்தீர்கள். மிதவை, ட்ரோக், விளக்கு, கம்பு, நான்கையும் ஒன்றோடொன்று கட்டுங்கள், ஆனால் நான்குமே கம்பிவேலிக்கு வெளியே இருந்து தொடங்க வேண்டும், எந்தக் கயிறும் எந்தக் கம்பிக்கும் உள்ளே நுழையக் கூடாது. மிதவையிலிருந்து கம்புக்கு 3 மீட்டர் மிதக்கும் கயிறு போதும். கயிற்றை முடிந்து தொங்கவிடாதீர்கள், சின்னத் துணிப்பையில் திணித்துவிடுங்கள், இழுத்தால் தானே உருவிக்கொண்டு வரும். விளக்கு தலைகீழாகத் தொங்கும் வகைதானே? அது நிமிர்ந்தால் எரியும், அதனால் சட்டத்தில் தலைகீழாகவே நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், சாய்ந்தால் வழியெல்லாம் எரிந்து பேட்டரி தீர்ந்துவிடும்.

டான்பாய் கம்பைப் பின்கம்பிவடத்தை (பாய்மரத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பிவடம்) ஒட்டி ஒரு பிளாஸ்டிக் குழாயில் நிறுத்துங்கள், அடி குழாய்க்குள், தலை ஒரு துணி வளையத்தில். மேலே உருவினால் வர வேண்டும். அது ஆடும், சத்தம் போடும், போடட்டும்.

ஒரு எறிகயிற்றுப் பையும் வாங்குங்கள், 20 மீட்டர் கயிறு. அதை பின்னால் மாட்டாதீர்கள், கேபின் படிக்கட்டின் மேல்படி பக்கத்தில் வையுங்கள், கீழே இருந்து ஓடிவருபவர் கையில் முதலில் படுவது அதுவாக இருக்கட்டும்.

#8 சாங்கி_அலை · ஞாயிறு, மதியம் 12:40

சுக்கான் அண்ணா கடைசியில் சொன்னதிலிருந்து ஒன்று. கீழே இருந்து ஓடிவருபவர், சரி. ஆனால் அவர் தூங்கிக்கொண்டிருந்தால்? ஷெர்பூர் பயணத்தில் ஒருவர் முழித்திருப்பார், ஒருவர் கீழே படுத்திருப்பார். முழித்திருப்பவர் விழுந்தால் மிதவையை எறிய மேலே ஆளே இல்லை. தானியங்கிச் சுக்கான் படகை நேராக ஓட்டிக்கொண்டே போகும். மேலே நாம் பேசிய மிதவை கம்பு விளக்கு எதுவும் அந்த நேரத்தில் உதவாது.

அதற்குத்தான் லைஃப் ஜாக்கெட்டுக்குள் வைக்கும் ஏஐஎஸ் பீக்கன், அருகில் உள்ள படகுகளின் திரையில் இடத்தைக் காட்டும் சின்ன ரேடியோ கருவி. ஜாக்கெட் ஊதியதும் தானே இயங்கி, 972 என்று தொடங்கும் எண்ணோடு இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். உங்கள் பாய்மர உச்சியில் ஆன்டெனா இருந்தால் நாலு மைல் போல எட்டும். ஆனால் கீழே தூங்குபவர் காதில் அலறல் கேட்க வேண்டும். பழைய பிளாட்டர்கள் (கடல் வரைபடத் திரைகள்) சிலவற்றில் திரையில் ஒரு குறி மட்டும்தான் வரும், சத்தமே வராது. உங்கள் பெட்டி என்ன செய்கிறது என்று சோதனை முறையில் வைத்துப் பாருங்கள். டிஎஸ்சியும் (ரேடியோ வழியே தானே அபாய அழைப்பு அனுப்பும் வசதி) சேர்ந்த பீக்கனாக இருந்தால் உங்கள் விஎச்எஃப் ரேடியோவும் அலறும்.

பிஎல்பி (ஆள் தன்னோடு வைத்துக்கொள்ளும் அவசர பீக்கன்) இருக்கிறது, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து கரையில் உள்ள மீட்பு மையத்துக்குப் போகிறது. ஏஐஎஸ் சேராத பிஎல்பி என்றால் உங்கள் படகுக்கு ஒன்றும் தெரியாது. அருகில் இருப்பது உங்கள் படகுதான், முதலில் தெரிய வேண்டியது அதற்குத்தான்.

2014இல் கிளிப்பர் என்ற உலகம் சுற்றும் பாய்மரப் பந்தயத்தில் ஆண்ட்ரூ டெய்லர் என்பவர் வட பசிபிக்கில் விழுந்து சுமார் 90 நிமிடம் தண்ணீரில் கிடந்தார். காற்றும் அலையும் உச்சத்தில், தண்ணீரோ கடுங்குளிர். தண்ணீர் உள்ளே புகாத உலர் உடை போட்டிருந்தார், உடம்பில் ஏஐஎஸ் பீக்கன் இருந்தது, அந்த சிக்னலை வைத்து வந்துதான் உயிரோடு எடுத்தார்கள்.

#9 காற்றுமுகம் · ஞாயிறு, மாலை 6:55

பீக்கன் வாங்குங்கள், மறுக்கவில்லை. அதற்கு முன் விழாமல் இருக்கும் வழி. இரவிலும் தனியாக முழித்திருக்கும்போதும் டெதர் (உடம்பைப் படகோடு பிணைக்கும் பட்டை) மாட்டியே இருக்க வேண்டும், கேபின் படியிலிருந்து வெளியே வரும் முன்னரே மாட்டும்படி அங்கே ஒரு வலுவான வளையம் போடுங்கள். எரிக் டபார்லி போன்ற புகழ்பெற்ற பிரெஞ்சு மாலுமியே 1998இல் வேல்ஸ் கடலருகே இரவில் தன் சொந்தப் படகிலிருந்து விழுந்துதான் போனார்.

டெதர் மாட்டினால் மட்டும் போதாது, அது எங்கே உரசுகிறது என்றும் பார்க்க வேண்டும். 2017 நவம்பரில் அதே கிளிப்பர் பந்தயத்தில் சைமன் ஸ்பியர்ஸ் தென்கடலில் டெதர் மாட்டியபடிதான் விழுந்தார். டெதரின் கொக்கி தளத்தில் இருந்த கிளீட்டுக்கு (கயிறு கட்டும் கொம்பு) அடியில் மாட்டிக்கொண்டது, இழுவிசை பக்கவாட்டில் வந்தது, கொக்கி வளைந்து திறந்துவிட்டது. நேராக இழுத்தால் டன் கணக்கில் தாங்கும் கொக்கி, பக்கவாட்டில் தாங்கவில்லை. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு இதற்காகவே தனி எச்சரிக்கை வெளியிட்டது.

ஆகவே டெதரை மாட்டத் தளத்தின் நீளத்துக்குப் போடும் ஜாக்லைன் பட்டை கிளீட், வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) பக்கமே போகக் கூடாது. முனைகளைக் கிளீட்டில் முடியாதீர்கள். ஓரத்தை விட்டு முடிந்தவரை நடுவில் போடுங்கள், டெதரில் 1 மீட்டர் குட்டைக் கையும் இருக்கட்டும். 2 மீட்டர் கையில் ஓரத்திலிருந்து விழுந்தால் தலை தண்ணீருக்குள்தான் இழுபடும்.

#10 நாகை_வாடை · ஞாயிறு, இரவு 11:30

படிக்க மட்டும் வருபவன், இன்றைக்கு எழுதத் தோன்றியது. என் அப்பா நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போனவர். ஒருமுறை வலை வாங்கும்போது உடன் போனவர் விழுந்தார், அப்பாவும் இன்னொருவரும் அக்குளில் கை கொடுத்து ஒரே இழுப்பில் உள்ளே போட்டார்கள். அந்தப் படகின் விளிம்பு தண்ணீருக்குப் பக்கத்தில். இப்போது நான் வேலை பார்க்கும் ஊரில் நண்பர்களின் யாட்டில் ஏறியபோது முதலில் பார்த்தது அதைத்தான், தளத்திலிருந்து கீழே தண்ணீர் ஒரு மீட்டருக்கு மேல், அதற்கு மேலே கம்பி வேறு. மேலே இருந்து குனிந்தால் நீந்துபவர் கையை விரல் நுனியால் தொடலாம், அவ்வளவுதான். நனைந்த உடையோடு ஒரு ஆளை எப்படித் தூக்குவது? இங்கே இன்னும் யாரும் அதைச் சொல்லவில்லையே.

#11 ஹாம்பிள்_படகு · சனி, இரவு 8:15

நாகை நண்பருக்கு நன்றி, இந்த வாரம் அதைத்தான் பார்த்தோம், தோற்றுப்போனோம்.

நாலுக்கு ஒன்று கப்பிக் கோவை (இழுவை நாலில் ஒரு பங்காகக் குறையும்) ஒன்று வாங்கியிருந்தேன். பூமை (பெரும்பாயின் அடிக்கம்பு) வெளியே தள்ளி அதன் நுனியில் கோவையைத் தொங்கவிட்டு, நான் பாண்டூனில் உட்கார்ந்து ஹார்னஸ் (உடல் பட்டை) மாட்டிக்கொண்டேன். எனக்கு எடை 82 கிலோ. அவள் இழுத்தாள், கால்வாசி எழும்பினேன், பூம் உள்ளே திரும்பிப் படகோடு என்னை மோதியது. பூமைக் கட்டிவிட்டு மறுபடி இழுத்தாள். இரண்டு கப்பியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன, நான் கம்பிக்கு வெளிப்பக்கமே தொங்குகிறேன், கால் தளத்துக்குக் கீழே. இழுக்க இன்னும் கயிறு இருக்கிறது, தூக்க உயரம் இல்லை. அவள் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது.

#12 பழைய_சுக்கான் · ஞாயிறு, காலை 7:30

கப்பி முட்டுவதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். பூமை விடுங்கள். ஸ்பின்னேக்கர் ஹேல்யார்டில் (பாய்மர உச்சி வழியாகப் பெரிய முன்பாயை ஏற்றும் கயிறு) கோவையின் மேல் கப்பியை மாட்டித் தளத்திலிருந்து மூன்றரை மீட்டருக்கு ஏற்றுங்கள், ஹேல்யார்டில் அந்த உயரத்துக்கு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், இருட்டில் யோசிக்க வேண்டாம். இழுகயிற்றைக் கையால் இழுக்க வேண்டாம் தங்கச்சி, ஓரக்கம்பியில் ஒரு கப்பி வைத்து ஜெனோவா (முன்பாய்) வின்ச்சுக்குக் கொண்டுபோங்கள். 82 கிலோவும் நனைந்த உடையும் சேர்ந்தால் நாலுக்கு ஒன்று கோவையில் உராய்வோடு 30 கிலோ இழுவை வரும், வின்ச்சில் அது ஒரு கைக்கு அடங்கும். நிதானமாகச் சுற்றுங்கள்.

தூக்கும் இடம் படகின் நடு, பாய்மரக் கம்பிவடங்களுக்குப் பின்னால். பின்பக்க ஏணியை நம்பாதீர்கள், அலையில் படகின் பின்முனை ஏறி இறங்கும், அடியில் நிற்பவர் தலைமேல் விழும். பக்கக் கம்பியின் ஒரு முனையைக் கயிற்று முடிச்சால் கட்டிவைத்தால் அவசரத்தில் கத்தியால் ஒரு வெட்டு, கம்பி கீழே விழும், தூக்க வேண்டிய உயரம் 60 சென்டிமீட்டர் குறையும்.

நீளக் கயிற்று மீட்புக் கச்சை கேட்டீர்களே, இதற்காகவே வாங்குங்கள். அது சியாட்டில் பக்கத்துப் படகுக்காரர்கள் உருவாக்கியது, இரண்டு பேர் படகில் மனைவி மட்டும் மிஞ்சினால் என்ன செய்வார் என்று யோசித்தே செய்தது. கச்சையின் 38 மீட்டர் மிதக்கும் கயிறு படகோடு கட்டியே இருக்கும், நீங்கள் விழுந்தவரைச் சுற்றி வட்டமாக ஓட்டினால் கயிறே அவர் கைக்குப் போகும். அவர் மாட்டியதும் படகை நிறுத்தி இழுத்துக்கொண்டு வந்து, அதே கச்சையைக் கோவையில் கொக்கி போட்டுத் தூக்கலாம். இன்ஜினைப் போடும் முன் அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும், புரொப்பெல்லரில் சுற்றினால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

நேரம் நீண்டு குளிரில் விறைத்துப்போனவரைச் செங்குத்தாகத் தூக்காதீர்கள். தண்ணீரின் அழுத்தம் திடீரென்று விலகி ரத்தம் காலுக்கு இறங்கி மயக்கமோ அதைவிட மோசமோ வரும். முழங்காலுக்கு அடியில் இன்னொரு பட்டை போட்டு, படுத்த நிலையில் தூக்குங்கள். ஆனால் மூச்சு முட்டும் நிலையில் இருந்தால் எப்படியாவது மேலே கொண்டுவருவதுதான் முதல் வேலை.

#13 முன்பாய் · ஞாயிறு, இரவு 10:05, மூன்று வாரம் கழித்து

எல்லாம் மாட்டியாயிற்று. சக்கரத்தின் வலப்பக்கம், நடுக்கம்பியில் நுரை லாட மிதவை, அதோடு கம்பு, விளக்கு, ட்ரோக். இடப்பக்கம் மீட்புக் கச்சைப் பை. ஊதும் வகையை இந்த வருடம் வாங்கவில்லை, அந்தப் பணத்தில் இரண்டு ஜாக்கெட்டுக்கும் ஏஐஎஸ் பீக்கன் வாங்கினோம், கையைக் கடித்தது, பரவாயில்லை. பிளாட்டர் அலறவில்லை, சாங்கி அண்ணா சொன்னது சரிதான். டிஎஸ்சி இருக்கும் பீக்கனாக எடுத்ததால் ரேடியோ அலறுகிறது, படுக்கையில் படுத்துக் கேட்டுப் பார்த்தேன், எழும்பாமல் இருக்க முடியாது. இரண்டு ஜாக்கெட்டிலும் கால் இடுக்குப் பட்டை போட்டிருக்கிறோம், இவ்வளவு நாள் அதை மடித்து உள்ளே செருகி வைத்திருந்தோம். வாயு உருளைகளைக் கையால் திருகிப் பார்த்தேன், அவருடையது அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

இன்று சவுத்தாம்ப்டன் வாட்டர் கழிமுகத்தில் 15 நாட் காற்று. ஒரு பெண்டரில் (படகு இடிபடாமல் ஓரத்தில் தொங்கவிடும் காற்றுருளை) வாளியைக் கட்டிப் போட்டோம், அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார், எல்லாம் நான் தனியாக. முதல்முறை 11 நிமிடம், மிதவையை எறிந்த பிறகு திரும்பிப் பார்த்தேன், பெண்டரைக் காணவில்லை. கொடி தெரிந்தது, அதை வைத்துத்தான் போனேன். இரண்டாவது முறை உடனே படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினேன், முன்பாயைத் தளர்த்தவே இல்லை, அது மறுபக்கத்தில் காற்றுப் பிடித்துப் படகு அங்கேயே நின்றுவிட்டது, பெண்டர் நாலு படகு நீளத்துக்குள். கச்சைக் கயிற்றால் சுற்றி எடுக்க 6 நிமிடம். மூன்றாவது நாலரை. வலப்பக்க மிதவையை எறிய 4 நொடிதான் ஆகிறது, சுக்கானில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

மாலையில் கட்டிய இடத்தில் அவரைத் தூக்கினேன். ஹேல்யார்டு கோட்டுக்கு ஏற்றினேன், வின்ச் சுற்றினேன், தளத்துக்கு மேலே கொண்டுவந்து மெதுவாக இறக்கினேன். அவருக்கு 82 கிலோ, எனக்கு 49.

ஒரே ஒரு தடங்கல். ஹேல்யார்டு நுனியில் இருக்கும் ஸ்னாப் ஷேக்கிளின் (இழுத்துத் திறக்கும் கொக்கி) பின்னை நனைந்த கையுறையோடு இழுக்க வரவில்லை, பல்லால் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.

#14 பழைய_சுக்கான் · திங்கள், காலை 6:50

அந்தப் பின்னின் துளையில் ஒரு சாண் மெல்லிய கயிறு கோத்து, நுனியில் மரக்குமிழ் ஒன்று முடிந்துவிடுங்கள் தங்கச்சி. என்னிடம் பழைய குமிழ்கள் இருக்கின்றன, சனிக்கிழமை ஹாம்பிள் பக்கம்தான் வருகிறேன், கொண்டுவருகிறேன். அன்றைக்கு நீங்கள் விழுந்ததாக வைத்து அவரும் ஒருமுறை தனியாகச் செய்துபார்க்கட்டும், நான் கைக்கடிகாரம் பிடிக்கிறேன்.